உறங்கிய இளவரசியின் பெயர்

நெடுந்துயிலில் ஆழ்ந்த இளவரசியின் கதையை அறியாத பிள்ளைகள் இன்று அரிது. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1959ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்னும் சித்திரத் திரைப்படமே அதற்குப் பெருங்காரணம். படத்தைப் பார்த்து முடித்த பிள்ளைகள் சில கேள்விகளைக் கேட்பார்கள். அவளுடைய உண்மைப் பெயர் அரோராவா, பிரையர் ரோஸா? அவள் அம்மாவின் பெயர் என்ன? குடும்பப் பெயர் உண்டா? அவள் எந்த நாட்டவள்? உண்மையிலேயே அப்படி ஒருத்தி இருந்தாளா?

பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இக்கேள்விகள் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றவில்லை. குழந்தைத் திருமுழுக்கின்போது கோயில் வாயிலில் குருவானவர் பெற்றோரிடம் முதலில் வினவுவது குழந்தையின் பெயரைத்தான். அடுத்துப் பெற்றோரின் கடமையை நினைவூட்டுகிறார். பின்னர் ஞானப்பெற்றோரின் பக்கம் திரும்புகிறார். இவள் யார், யாருடைய பிள்ளை, இவளுக்காக யார் பொறுப்பேற்கிறார்கள் என்று கேட்ட பிறகே சடங்கு தொடர்கிறது. பிள்ளைகள் இளவரசியைப் பற்றிக் கேட்பதும் ஏறத்தாழ இவற்றையே. மேலும், இந்தக் கதையே ஒரு திருமுழுக்கு விருந்தில் தொடங்குகிற கதை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

முதலில் படத்துக்குள்ளேயே கிடைக்கும் விடைகளைப் பார்ப்போம். ஸ்டெஃபான் என்ற மன்னருக்கும் அவர் அரசிக்கும் நெடுநாள் கழித்துப் பிறந்த மகளுக்கு, வைகறையை நினைத்து அரோரா என்று பெயர் வைக்கிறார்கள். விழாவுக்கு அழைக்கப்படாத மலிஃபிசென்ட் என்பவள் சினந்து வந்து, பதினாறாம் பிறந்தநாளன்று கதிரவன் மறையுமுன் இராட்டினத்தின் கதிர்முனை குத்தி இவள் இறப்பாள் எனச் சாபமிடுகிறாள். புளோரா, ஃபானா, மெரிவெதர் என்னும் மூன்று தேவதைகள் குழந்தையைக் காட்டுக்கு எடுத்துச் சென்று, குடியானவப் பெண்களைப்போல் வேடமிட்டு, பிரையர் ரோஸ் என்ற மறைபெயரில் வளர்க்கிறார்கள். குடும்பப் பெயர் கூறப்படவில்லை. நம் ஊர்ப் பள்ளியொன்றில் சேர்த்திருந்தால் ‘ஸ்’ என்ற தலைப்பெழுத்தோடு முடிந்திருக்கும். நாட்டின் பெயரும் சொல்லப்படவில்லை. காலம் மட்டும் இளவரசன் பிலிப்பின் வாய்மொழியால் தெரிகிறது. அது 14ஆம் நூற்றாண்டு.

படத்தில் வரும் ஆண்களின் பெயர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஸ்டெஃபான் என்பது முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் பெயர். கிரேக்கத்தில் ‘முடி’ என்று பொருள்படும் அப்பெயரைத்தான் நம் முன்னோர் முடியப்பர் என்று அழகுத் தமிழாக்கினர். பிலிப்பு திருத்தூதரின் பெயர். அவன் தந்தையான மன்னர் ஹூபர்ட்டுக்கு வேட்டைக்காரரின் பாதுகாவலரான புனிதரின் பெயர். இப்படி ஆண்கள் மூவரும் புனிதர் பெயரைத் தாங்கி நிற்க, அரோரா என்பதோ பழைய உரோமையர் வைகறையைப் பெண் தெய்வமாக வழிபட்ட பெயர். படம் வெளிவந்த ஆண்டில் நடைமுறையிலிருந்த 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்புப்படி, கிறிஸ்தவப் பெயரைப் பெற்றோர் ஏற்காவிடில் பங்குத்தந்தை ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துச் சூட்டி, இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும். 1983ஆம் ஆண்டின் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் வேண்டாம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆயினும் எந்தப் பங்குத்தந்தையும் அரோரா என்ற பெயருக்குத் தடை சொல்லியிருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன். இனிமைமிகு பாடலின் 6ஆம் அதிகாரம் மணமகளை வைகறைக்கும் நிலவுக்கும் கதிரவனுக்கும் ஒப்பிடுகிறது; திருச்சபை அதை அன்னை மரியாவுக்குப் பொருத்திக் கொண்டது. மரியாயின் சேனையினர் நாள்தோறும் சொல்லும் செபத்தில் அந்த ஒப்புமை இடம்பெறுகிறது. ஸ்பெயின் நாட்டில் வைகறை அன்னைக்குக் கோயில்களே உண்டு. அங்கே பெண்கள் பலர் அப்பெயரைத் தாங்குகின்றனர்.

தாய்க்கு மட்டும் படத்தில் பெயரில்லை. அரசி என்பதோடு சரி. அவள் பேசுவதும் மிகச் சில சொற்களே. அவற்றுள் நினைவில் நிற்பது, அழைக்கப்படாமல் வந்தவளிடம் தங்களுக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லையே என்று நடுங்கிய குரலில் வினவுவதாகும். மன்னர் மண்டபத்தில் எத்தனையோ பேர் இருக்க, ஆபத்து எங்கிருந்து வருகிறதென்று உணர்ந்து பேசியவள் அந்தப் பெயரில்லாத தாய்தான். பின்னாளைய சில வெளியீடுகள் அவளுக்கு லேயா என்று பெயரிட்டன. 2014இல் வந்த ‘மலிஃபிசென்ட்’ என்ற படம் அவளை லைலா என்கிறது. பிள்ளைகள் குழம்புவதில் வியப்பில்லை.

இனி அரோரா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு வருவோம். பிரான்சு நாட்டின் ஷார்ல் பெரோ 1628இல் பாரிசில் பிறந்தவர்; பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் உயர்ந்த பணியிலிருந்தவர்; நோலா நகர் ஆயரான புனித பவுலீனுவைப் பற்றி 1686இல் ஒரு காவியம் எழுதியவர். அவர் இக்கதையை 1696இல் ஓர் இதழில் வெளியிட்டு, மறு ஆண்டு தம் கதைத் தொகுதியில் முதற்கதையாகச் சேர்த்தார். அக்கதையில் இளவரசிக்குப் பெயர் கிடையாது. ‘காட்டில் உறங்கும் அழகி’ என்பதே தலைப்பு. உள்ளே ‘இளவரசி’ என்று மட்டுமே வருகிறது. அவள் தந்தைக்கும் தாய்க்கும் பெயரில்லை. அவளை எழுப்பிய இளவரசனுக்கும் பெயரில்லை. ஆனால் அவள் அருகில் உறங்கிய சிறு நாய்க்குப் பெயர் உண்டு. அதன் பெயர் பூஃப். தேவதை ஒருத்தி தங்கியிருந்த தொலைதூர நாட்டுக்கு மத்தாக்கேன் என்றும், அண்டை நாட்டுப் பேரரசனுக்குக் காந்தாலாபூத் என்றும் வேடிக்கைப் பெயர்கள் உண்டு. நாய்க்கும் நாட்டுக்கும் பெயர் சூட்டத் தோன்றிய ஆசிரியருக்குக் கதைத் தலைவிக்குப் பெயர் தேவைப்படவில்லை.

அரோரா என்ற பெயர் அந்தக் கதையில் வருகிறது. ஆனால் அது அவளுடையதன்று. இளவரசி விழித்தெழுந்து மணமுடித்து இரண்டு பிள்ளைகளைப் பெறுகிறாள். மகளுக்கு வைகறை என்று பொருள்படும் ‘ஓரோர்’. மகனுக்குப் பகல் என்று பொருள்படும் ‘ழூர்’. அந்த மகளின் பெயரே பின்னாளில் தாய்க்குப் போய்ச் சேர்ந்தது. 1890ஆம் ஆண்டு சனவரியில் இரசியாவின் புனித பீட்டர்ஸ்பர்க் நகரில், சைக்கோவ்ஸ்கியின் இசையிலும் பெத்திப்பாவின் ஆடலமைப்பிலும் இக்கதை பாலே நடனமாக அரங்கேறியது. அரசு அரங்குகளின் இயக்குநரான வ்செவோலோஷ்ஸ்கி கதையமைப்பில் பங்கேற்றார். அதில் உறங்குபவள் அரோரா. பேரரசனுக்குரிய பெயரோ, சற்றே மாறி, விருந்தினர் பட்டியலைச் சரிபார்க்கத் தவறிய அரண்மனை விழாப் பொறுப்பாளருக்குப் போய்விட்டது! டிஸ்னி படம் சைக்கோவ்ஸ்கியின் இசையைத் தழுவியபோது அப்பெயரும் உடன் வந்தது. பெற்றோர் பிள்ளைக்குப் பெயரிடுவதுதான் உலக வழக்கம். இவளுக்கோ தான் பெற்ற மகளிடமிருந்து பெயர் வந்தது. அந்த மகள் பிற்காலத்துக் கதைகளிலிருந்து மறைந்தே போனாள்.

பிரையர் ரோஸ் என்பது செருமானிய வழி. கிரிம் சகோதரர்கள் காசெல் நகரில் மரீ ஹாசென்ஃப்ளூக் என்ற இளம்பெண்ணிடம் இக்கதையைக் கேட்டு 1812இல் வெளியிட்டனர். அவள் தாய்வழி, பிரான்சிலிருந்து வெளியேறிய சீர்திருத்தச் சபைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே கதை பெரோவின் நாட்டிலிருந்தே எல்லை தாண்டியிருக்கலாம். அரண்மனையைச் சுற்றி முட்புதர் வளர்ந்து மூடிவிட, அதனுள் உறங்குபவளைப் பற்றி நாட்டு மக்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்பேச்சில் அவளுக்கு வழங்கும் பெயர் ‘டோர்ன்ரோஸ்ஹென்’, அதாவது முட்களிடையே பூத்த சிறு ரோசா. பெற்றோர் சூட்டாமல் ஊரார் சூட்டிய பெயர் அது. டிஸ்னி படத்தார் ஊர்ப்பெயரை மறைபெயராகவும், மகளின் பெயரை அரசவைப் பெயராகவும் வைத்துக்கொண்டனர். பதிவேட்டில் ஒரு பெயரும் வீட்டில் வேறொரு பெயருமாக வளர்ந்த நம்மவருக்கு இது புதிதன்று. எது உண்மைப் பெயர் என்று கேட்கும் பிள்ளைக்கு, இரண்டும் வெவ்வேறு நாட்டார் கொடுத்தவை என்று விடை சொல்லலாம்.

குடும்பம் பற்றிய கேள்விக்கு விடை காணும்போதுதான் கதையின் துயரம் வெளிப்படுகிறது. படத்தில் அரண்மனை முழுவதும் சிறிது நேரமே உறங்குகிறது. இளவரசி எழுந்து பெற்றோரைத் தழுவிக்கொள்கிறாள். கிரிம் கதையில் நூறாண்டு. ஆனால் அரசனும் அரசியும் அடுக்களைச் சிறுவனும் உட்பட எல்லாரும் சேர்ந்து உறங்கிச் சேர்ந்து விழிக்கிறார்கள். பெரோ அப்படி எழுதவில்லை. அவர் கதையில் நல்ல தேவதை கோலால் தொட்டு வேலையாட்களையும் குதிரைகளையும் நாயையும் உறங்க வைக்கிறாள்; அரசனையும் அரசியையும் மட்டும் விட்டுவிடுகிறாள். அவர்கள் உறங்கும் மகளை முத்தமிட்டு, அவள் விழிக்கமாட்டாள் என அறிந்தே வெளியேறுகிறார்கள். நூறாண்டு கழித்து அந்நாட்டை ஆள்வது வேறொரு குடும்பம். கோட்டையில் பேய் இருக்கிறது என்பாரும் அரக்கன் இருக்கிறான் என்பாருமாக ஊரார் பலவாறு பேசுகிறார்கள். அவள் யார் மகள் என்பது ஒரு முதிய குடியானவன் தன் தந்தையிடம் கேட்ட செய்தியாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அவள் விழிக்கும்போது அவளை அறிந்த உறவு உலகில் ஒன்றும் இல்லை. அவள் அணிந்திருந்த ஆடையின் கழுத்துப்பட்டை தன் பாட்டி காலத்து மோஸ்தர் என்பதை இளவரசன் கண்டும், நாகரிகம் கருதிச் சொல்லாமலிருக்கிறான். பெரோ இதைச் சிரிப்பாகத்தான் எழுதினார். ஆனால் வெளிநாட்டில் பல்லாண்டு வாழ்ந்து, தாய் தந்தை மறைந்தபின் ஊருக்குத் திரும்பியவர்கள் அந்த வரியில் சிரிக்கமாட்டார்கள்.

அன்றிரவே கோட்டைக் கோயிலில் அரண்மனைக் குரு இருவருக்கும் திருமணத்தை நடத்திவைக்கிறார். இளவரசன் இதைப் பெற்றோரிடமிருந்து இரண்டாண்டுகள் மறைக்கிறான். காரணம் அவன் தாய் அரக்கர் குலத்தவள். இங்கே அக்காலச் சட்டத்தை நினைவில் கொள்வது நல்லது. இரகசியத் திருமணங்களால் பெண்கள் கைவிடப்படும் கொடுமையைக் கண்டு, 1563ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம், பங்குத்தந்தையும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இல்லாத மணம் செல்லாது என்று ஆணையிட்டது. பிரான்சு மன்னரோ அதற்கும் முன்னரே, 1556இல், பெற்றோர் இசைவின்றி மணக்கும் பிள்ளைகள் சொத்துரிமையை இழக்கலாம் என விதித்திருந்தார். ஆகவே 1697இல் இதைப் படித்தவர்கள், பெற்றோரும் உறவினரும் இல்லாத, கணவன் வீட்டார் அறியாத அந்த மணமகளின் நிலை எத்தனை வலுவற்றது என்பதை உடனே கண்டிருப்பர். மன்னர் இறந்து இளவரசன் அரியணை ஏறிய பிறகே அவள் வெளியுலகில் மனைவியாக ஏற்கப்படுகிறாள். அதன்பின்னும் மாமியார் பேத்தியையும் பேரனையும் அவளையும் உண்ண முயல்கிறாள். பிற்காலத்தார் இப்பகுதியை வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளின் நலம் கருதியே அது நடந்திருக்கும். எனினும் தன் வீட்டில் வேரில்லாத மருமகளுக்கு நேர்வது என்ன என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள்.

அவளுக்காகப் பொறுப்பேற்றவர்கள் யார் என்பதே என்னை அதிகம் ஈர்த்த கேள்வி. பெரோவின் கதை வெளிப்படையாகவே சொல்கிறது: குழந்தைக்குச் சிறப்பாகத் திருமுழுக்கு நடந்தது, நாட்டில் கிடைத்த தேவதைகள் ஏழு பேரும் ஞானத்தாய்களாக நின்றனர். இது ஒரு நகைச்சுவை. ஞானப்பெற்றோராக ஒருவர், அல்லது மிகுந்தால் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் மட்டுமே நிற்கலாம் என்று அதே திரெந்து சங்கம் வரையறுத்திருந்தது. அதற்கு முன் பலரை நிறுத்தும் வழக்கம் பரவலாக இருந்தது. ஞான உறவு திருமணத் தடையாகக் கருதப்பட்டதால், யாருக்கு யார் உறவு என்றறியாமல் சிக்கல்கள் பெருகின. எனவே எண்ணிக்கையைக் குறைத்து, அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதும்படி சங்கம் கட்டளையிட்டது. பிரான்சு அரசு சங்கத்தின் சீர்திருத்த ஆணைகளை முறைப்படி ஏற்கவில்லை எனினும், அந்நாட்டு ஆயர்களும் குருக்களும் 1615இல் ஏற்றுக்கொண்டனர். ஏழு ஞானத்தாய்களைத் தம் பங்குக் குரு ஏற்கமாட்டார் என்பதை அறிந்த வாசகர்கள் புன்னகைத்திருப்பார்கள்.

சிரிப்புக்கு அடியில் மிகப் பழையதொன்று கிடக்கிறது. தேவதையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல், விதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பிறந்த குழந்தையின் தலையெழுத்தை முடிவு செய்யும் மூன்று சகோதரிகளைப் பற்றிய நம்பிக்கை உரோமையரிடம் இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் வோர்ம்ஸ் நகர் ஆயராயிருந்த புர்க்கார்டு, பாவ அறிக்கை கேட்கும் குருக்களுக்காக ஒரு கேள்வித் தொகுப்பை எழுதினார். பெண்களிடம் கேட்கவேண்டியவற்றுள் ஒன்று இது: ஆண்டின் சில நாள்களில் வீட்டில் மேசையிட்டு, உணவும் பானமும் வைத்து, அந்த மூன்று சகோதரிகள் வந்தால் உண்பதற்காக மூன்று கத்திகளையும் வைத்தாயா? வைத்திருந்தால் அதற்குரிய தவமுயற்சியையும் அவர் குறிக்கிறார்.

கத்திகளை நினைவில் வைத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்த ‘பெர்செபோரே’ என்னும் நீண்ட பிரெஞ்சு வீரகாவியத்தில் உறங்கும் இளவரசி ஒருத்தி வருகிறாள். அவள் பெயர் செல்லாந்தீன். அவள் பிறந்தபோது மூன்று பெண் தெய்வங்களுக்கு மேசையிடப்பட்டது. அவர்களுள் தெமிஸ் என்பவளுக்குக் கத்தி கிடைக்கவில்லை. அதனால் சினந்து சாபமிட்டாள். பெரோவின் கதையில் ஏழு தேவதைகளுக்கும் கரண்டியும் முள்கரண்டியும் கத்தியும் அடங்கிய பொற்பேழை வைக்கப்படுகிறது. இறந்துவிட்டாள் என எண்ணி அழைக்காமல் விட்ட எட்டாமவளுக்குப் பேழை இல்லை. கிரிம் கதையில் பொற்தட்டுகள் பன்னிரண்டு, வரவேண்டியவர்கள் பதின்மூவர். டிஸ்னி படத்தில் மேசையே இல்லை, அழைப்பு இல்லாமை மட்டும் எஞ்சியது. இளவரசியின் பெயர் ஒவ்வொரு நூற்றாண்டிலும் மாறியிருக்கிறது. ஒருத்திக்குப் பந்தியில் இடமில்லாமல் போனது மட்டும் மாறவில்லை.

இடையே இத்தாலி நாட்டு வடிவம் ஒன்று உண்டு. நேப்பிள்சு நகரின் ஜாம்பத்திஸ்தா பசீலே எழுதி, அவர் இறந்தபின் 1634 முதல் 1636 வரை வெளிவந்த தொகுதியில் அவள் பெயர் தாலியா. அங்கே மேசையும் இல்லை, திருமுழுக்கும் இல்லை. அறிஞர்கள் கூடிச் சோதிடம் சொல்கிறார்கள். உறங்குபவளுக்கு அவள் அறியாமலே இழைக்கப்படும் கொடுமை இப்பக்கங்களில் விரித்தெழுதத் தக்கதன்று. அவள் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் சூரியனும் சந்திரனும்.

ஞானத்தாய்கள் கதையிலிருந்து சிறிது சிறிதாக விலகினர். 1890ஆம் ஆண்டின் பாலேயில் முன்காட்சி இன்னும் திருமுழுக்கு விழாதான். கிரிம் கதையில் அது வெறும் பிறப்பு விருந்து. டிஸ்னி படத்தில் மூன்று தேவதைகள் ஞானத்தாய் என்ற பட்டமின்றியே அக்கடமையைச் செய்கிறார்கள். பதினாறு ஆண்டுகள் தங்கள் மாயக்கோலைத் தொடாமல் சமைக்கவும் தைக்கவும் தெரியாது தடுமாறிக் குழந்தையை வளர்க்கிறார்கள். கொடைகளை அள்ளி வழங்கிவிட்டுப் போன பெரோவின் ஏழு பேரைக் காட்டிலும் இவர்களே என் மதிப்பில் உயர்ந்தவர்கள். ஆனால் அவர்களும் ஒன்றை அவளுக்கு மறைத்தார்கள். பதினாறாம் பிறந்தநாள் மாலையில் நீ இளவரசி, உன் பெயர் அரோரா என்று அவர்கள் சொல்லும்போது அவள் மகிழவில்லை. காட்டில் சந்தித்த இளைஞனை இனிக் காண இயலாது என்றறிந்து அழுகிறாள். பின்னர் அரண்மனையில் தலைமேல் முடி சூட்டப்பட்டுத் தனியே விடப்பட்டபோதும் அழுதுகொண்டிருக்கிறாள். அந்த நிலையில்தான் அவள் இராட்டினத்தை நோக்கி நடக்கிறாள்.

2014ஆம் ஆண்டின் படம் குடும்ப உறவுகளைத் தலைகீழாக்கியது. ஸ்டெஃபான் அரச குலத்தில் பிறந்தவன் அல்லன். ஆட்சிக்காகத் தன் தோழியான மலிஃபிசென்டின் சிறகுகளை வெட்டியவன். அவள் பழிவாங்கவே குழந்தையைச் சபிக்கிறாள். பின்னர் மூன்று பெண்களின் கவனக்குறைவைக் கண்டு, மறைவில் நின்று தானே காக்கிறாள். தன்னை எப்போதும் ஒரு நிழல் பின்தொடர்வதை உணர்ந்து வளர்ந்த அரோரா, ஒருநாள் இருளில் நின்ற அவளை வெளியே வரும்படி அழைக்கிறாள். நீ யாரென்று எனக்குத் தெரியும் என்று சொல்லி, தன்னைச் சபித்தவள் அவள்தான் என்பதை அறியாமலே, ஞானத்தாய் என்று அவளுக்குப் பெயரிடுகிறாள்.